தவிட்டோடு போனதும் திரும்பி வருவதும்

பங்குத் திருவிழா அசனத்தில் இலையில் விழும் சோறு மல்லிகைபோல் வெளுத்திருந்தால்தான் நமக்குப் பெருமை. விருந்தினர் வரும் நாளில் நன்றாகத் தீட்டிய அரிசியையே தேடி வாங்குகிறோம். சிவப்பரிசியும் கைக்குத்தல் அரிசியும் வறுமையின் அடையாளம் என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இன்று அவையே மருத்துவர் சொல்லி, கூடுதல் விலை கொடுத்து வாங்கும் பொருள்களாகிவிட்டன. வெண்மை உயர்ந்தது, தவிடு மாட்டுக்கு உரியது என்று நாம் செய்துகொண்ட இந்த எளிய தேர்வுக்குள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது.

அக்கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் நம் சமையலறைக்கே வந்து சேர்ந்தது. அரசுத் திட்டங்களின் வழி வழங்கப்படும் அரிசி முழுவதும் 2024க்குள் செறிவூட்டப்படும் என்று இந்தியத் தலைமை அமைச்சர் 2021 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்தார். அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து, அரிசி வடிவிலேயே மணிகளாக வார்த்து, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில் சேர்ப்பதே அம்முறை. நியாயவிலைக் கடை அரிசியை முறத்தில் இட்டுப் புடைத்த தாய்மார்கள், நிறத்தில் சற்றே வேறுபட்ட சில மணிகளைக் கண்டார்கள். நீரில் இட்டபோது அவற்றுள் சில மிதந்தன. 'பிளாஸ்டிக் அரிசி' என்ற பேச்சு தெருத்தெருவாகப் பரவியது. பலர் அம்மணிகளைப் பொறுக்கி எறிந்தார்கள். சத்துக்கென்று சேர்க்கப்பட்டது குப்பைக்குப் போயிற்று.

இதை அறியாமை என்று எள்ளுவது எளிது. ஆயினும், தன் பிள்ளையின் தட்டில் விழுவது என்ன என்று ஆராய்ந்த தாய் தன் கடமையைத்தானே செய்தாள்? அவளுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. கடையில் நல்ல அரிசியை விலைகொடுத்து வாங்க வசதியுள்ளவர் இந்த மணிகளை விரும்பாவிட்டால் விலகிச் செல்லலாம். நியாயவிலைக் கடையையே நம்பி உலை வைப்பவருக்கு அந்த வழி இல்லை. கேளாமலே செய்யப்படும் நன்மை நன்மையாகுமா? ஏழையின் சோற்றில் சத்தைக் கலப்பது இரக்கச் செயலா, அல்லது நீதிச் செயலா? அத்திட்டம் தொடர்ந்தாலும் நின்றாலும் இவ்வினாக்கள் நிற்கும். அவற்றைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

ஆலை எடுத்துக்கொண்டது

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் ஆசிய நாடுகளில் பரவின. உரலில் குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலையோ அதை முற்றாகத் தீட்டி எடுத்தது. அதைத் தொடர்ந்து சிறைகளிலும் சுரங்கங்களிலும் படைமுகாம்களிலும் பெரிபெரி என்னும் நோய் பெருகிற்று. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து உயிர் பிரியும். ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் நடக்க இயலாமல் விழுவதையும், தவிடு நீங்காத அரிசியைத் தின்றவை தேறுவதையும் கண்டார். வைட்டமின்கள் பற்றிய அறிவுக்கு வித்திட்ட அந்தப் பணிக்காக 1929இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இவ்வரலாற்றில் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு. மலாயாவின் தகரச் சுரங்கங்களில் வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் திரளாக மடிந்தபோது, அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் வைட்டமின் அரிசியின் உள்ளே ஊடுருவி நிலைத்துவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார் எந்த அறிவியல் நூலையும் படித்து நெல் அவித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் பானையில் ஏறிய ஆவி, கடல் கடந்து கூலிக்குச் சென்ற தம் மக்களின் உயிரைக் காத்தது.

1905இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சயாமிலிருந்து வந்த வெள்ளையரிசியும், மற்றப் பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் வழங்கினார். வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 43 பேரைப் பெரிபெரி பற்றியது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே அந்நோய் இருந்தது; அவ்விருவரும் காப்பகத்துக்கு வரும்போதே நோயுற்றிருந்தவர்கள்.

இக்கணக்கு பின்னாளில் எண்ணற்றோருக்குப் பயன்பட்டது உண்மை. ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரை நாம் எண்ணாமல் கடந்துபோகக் கூடாது. எந்த அரிசி தம் தட்டில் விழுகிறது என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் பலர் இருந்திருக்க மாட்டார்கள். உணவைப் பற்றிய பொதுநலச் சிந்தனை தொடக்கத்திலிருந்தே, வேறு போக்கிடம் இல்லாதவர்களின் தட்டிலேயே நடந்தேறி வந்திருக்கிறது. சிறைவாசி, மனநோயாளி, அநாதைக் குழந்தை, கூலித் தொழிலாளி ஆகியோரின் வழியாகத்தான் நாம் இந்த அறிவைப் பெற்றோம். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பட்டான் கற்பித்த பாடம்

எடுத்ததைத் திருப்பித் தரவேண்டும் என்ற எண்ணம் ஒருவரின் வாழ்நாள் உழைப்பாயிற்று. ராபர்ட் வில்லியம்ஸ் 1886இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், அமெரிக்க பாப்டிஸ்ட் மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1910இல் மணிலாவில் வேதியியலாளராக இருந்தபோது, தவிட்டிலிருந்து வடித்த சாற்றைச் சில துளிகள் ஊட்டியதும், பெரிபெரியால் துவண்டுகிடந்த கைக்குழந்தைகள் தேறுவதைக் கண்டார். அந்தச் சாற்றுக்குள் இருப்பது எது? விடை காண 26 ஆண்டுகள் ஆயின. 1936இல் தயமினைச் செயற்கையாக உருவாக்கும் முறையை அவர் கண்டறிந்தார். அதன் உரிமத்தால் வந்த வருமானத்தின் பெரும்பகுதி, உணவுக்குறை நோய்களை ஒழிக்கும் நிதியாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவரும் பிலிப்பைன்ஸ் மருத்துவர் ஹுவான் சல்செடோவும் பட்டான் மாநிலத்தைத் தேர்ந்தனர். மாநிலத்தின் ஒரு பகுதியில் தயமினும் இரும்புச்சத்தும் சேர்த்த அரிசி விற்கப்பட்டது; மறு பகுதியில் வழக்கமான அரிசியே தொடர்ந்தது. சத்துச் சேர்த்த அரிசி உண்ட ஊர்களில் பெரிபெரிச் சாவுகள் விரைந்து குறைந்தன. மறு பகுதியில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. 1952இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது.

ஆனால் சட்டம் ஏட்டோடு நின்றது. சத்துக்கலவை எவ்வளவு வாங்கப்பட்டது என்ற கணக்கைக் கொண்டு, உண்மையில் எவ்வளவு அரிசி தீட்டப்பட்டது என்பதை வரி அதிகாரிகள் அறிந்துவிடுவார்கள் என்று ஆலைக்காரர்கள் அஞ்சினார்கள். மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராயிருக்கும் ஒரு நாட்டில், வரிக்கணக்குக்கு அஞ்சி இத்திட்டம் முடங்கியது என்பது நம்மை உறுத்தவேண்டும். வழி தெரியாமையால் மட்டும் மனிதர் மடிவதில்லை. வழி தெரிந்த பின்னும், ஒருவருடைய ஆதாயம் மற்றொருவருடைய உயிரைவிட உயர்ந்துவிடும்போது மடிகிறார்கள்.

மூன்று வகைக் கடன்

எரிகோ நகரின் சக்கேயு, மனம் மாறிய அன்று இரண்டு செயல்களைச் செய்யத் துணிந்தார். தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு அளிப்பது ஒன்று. தாம் வஞ்சித்தவர்களுக்கு நான்கு மடங்காகத் திருப்பித் தருவது மற்றொன்று. அவர் இவ்விரண்டையும் கலக்கவில்லை. கொடுத்தது கொடை; திருப்பித் தந்தது கடன். கொடையைக் காட்டிக் கடனைக் கழிக்க முடியாது என்பதை அந்த வரி வசூலிப்பவர் நன்கு அறிந்திருந்தார்.

இந்த வேறுபாட்டைத் துணைகொண்டு பார்த்தால், உணவில் சத்துச் சேர்ப்பது என்னும் ஒரே பெயரின்கீழ் மூன்று வேறு செயல்கள் இருப்பது தெரியும்.

முதலாவது, நாம் எடுத்ததைத் திருப்பித் தருவது. வெண்மைக்காகவும், நெடுநாள் கெடாமல் இருக்கவேண்டும் என்ற வணிக வசதிக்காகவும் தயமினை ஆலையில் இழந்தோம். அதை மீண்டும் சேர்ப்பது கருணை அன்று, ஈடுசெய்தல். இதைச் செய்துவிட்டு ஏழையிடம் நன்றியை எதிர்பார்ப்பது, திருடிய பொருளைத் திருப்பித் தந்துவிட்டுப் பாராட்டுக் கேட்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, எவருடைய குற்றமுமின்றி இல்லாமற்போனதைப் பகிர்ந்து நிறைவு செய்வது. இமயமலை அடிவாரத்தில் மண்ணிலேயே அயோடின் குறைவு. காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் நடத்திய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பால் கழுத்துக் கழலை குறைவதைக் காட்டிற்று. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் அயோடின் இன்றியமையாதது. ஃபோலிக் அமிலத்தின் கதையும் இத்தகையதே. கருவுறுமுன்பே அதை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் முதுகெலும்புப் பிளவு போன்ற பிறவிக் குறைகள் ஏறத்தாழ 72 விழுக்காடு குறைந்ததைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991இல் வெளியிட்டது. கருவின் முதுகுத்தண்டு முதல் 28 நாள்களுக்குள் உருவாகி மூடிக்கொள்கிறது. தான் தாயானதை ஒரு பெண் அறியுமுன்பே காலம் கடந்துவிடுகிறது. மாத்திரை பிந்தி வரும். அன்றாட உணவோ முந்தி வந்திருக்கும். எனவேதான் அமெரிக்கா 1998 முதல் மாவில் அதைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒரு நாட்டின் முதியவரும் இளைஞரும் ஒரே ரொட்டியை உண்கிறார்கள். அந்தச் சேர்க்கையின் தனிப்பயன், இன்னும் முகம் தெரியாத, தாயும் அறியாத ஒரு குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. கருவிலிருக்கும் உயிரைக் காக்கவேண்டும் என்று ஓயாமல் பேசும் நாம், இதைவிட அமைதியான ஒரு காப்பை எங்கே காண்போம்? ஓர் உறுப்பின் நலனை மற்ற உறுப்புகள் தாங்குகின்றன என்று திருத்தூதர் பவுல் உடலைக் கொண்டு விளக்கியது இங்கே உணவாகவே நிகழ்கிறது.

மூன்றாவது, வறுமை தடுத்து வைத்ததற்கு மாற்றாக எதையேனும் தருவது. இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினர். இதற்குக் காரணம் அரிசி மட்டுமா? கீரையும் பருப்பும் முட்டையும் மீனும் அத்தட்டில் இல்லை. செருப்பில்லாத கால்வழி கொக்கிப்புழு ஏறுகிறது. அடுத்தடுத்த பேறும், கடைசியாக உண்ணும் வழக்கமும் தாயின் குருதியை வற்றச் செய்கின்றன. அரிசியில் இரும்புச்சத்துச் சேர்ப்பதால் இரத்தசோகை குறைவது மிகச் சிறிதாகவோ இல்லாமலோ இருக்கக்கூடும் என்றே 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு மதிப்பிட்டது. அதனால் அம்முயற்சி வீண் என்று நாம் முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆனால் நூற்றில் ஒரு மணியை மாற்றிவிட்டு, மீதித் தொண்ணூற்றொன்பது மணிகளைப் பற்றியும், அவற்றைச் சுற்றி வெறுமையாய்க் கிடக்கும் தட்டைப் பற்றியும் மறந்துவிட்டால், சக்கேயு அறிந்த வேறுபாட்டை நாம் அறியவில்லை என்றே பொருள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி 1965இல் வெளியிட்ட ஏடு, நீதியின்படி ஏற்கெனவே உரியதை அன்பின் கொடை என்று சொல்லித் தரலாகாது என நமக்கே எடுத்துரைக்கிறது. வயிறு நிறைவதற்கு மட்டுமன்றி, பலவகை உணவுக்கும் போதிய கூலி உழைப்பவரின் உரிமை. செறிவூட்டிய அரிசி அந்த உரிமைக்கு முன்பணமாகலாம், முழுத் தீர்வாகாது.

கேட்ட பின்னரே தந்தவர்

அதே எரிகோவின் வாயிலில் மற்றொருவர் அமர்ந்திருந்தார். பர்த்திமேயு பார்வையற்றவர் என்பது கூட்டத்தில் எவருக்கும் தெரியும். அவருக்குத் தேவையானது என்ன என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் ஆண்டவர் அவரை அருகழைத்து, அவர் விரும்புவது என்ன என்று வினவினார். பதிலைக் கேட்ட பின்னரே நலம் அளித்தார். தேவை நமக்குத் தெரியும் என்பதால், தேவையுள்ளவரின் குரல் தேவையற்றதாகிவிடுவதில்லை என்பதே அந்த வினாவின் பாடம்.

'ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் பொதுநலம் எப்படி நடக்கும்? குடிநீரில் குளோரின் கலக்கும்போது கேட்கிறோமா?' என்று சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்வியே. கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில் ஒவ்வொருவரின் ஒப்புதலையும் தனித்தனியே பெற இயலாது. ஆனால் மூன்றைச் செய்ய இயலும். முதலில், என்ன சேர்க்கிறோம், ஏன் சேர்க்கிறோம் என்பதை எளிய மொழியில் முன்கூட்டியே சொல்லலாம். அடுத்து, மேலிருந்து கட்டளையாக இறக்காமல், ஊரும் பள்ளியும் தாய்மார் குழுவும் பேசி ஏற்கச் செய்யலாம். சிறிய அமைப்பால் செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்று திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931இல் வரையறுத்த கோட்பாடு அடுப்படிக்கும் பொருந்தும். மூன்றாவதாக, நல்ல நோக்கத்துக்கும் நேரான வழியையே நாடலாம். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்கக் கூடாது என்று, உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் 2005இல் கொண்டுவந்த விதி அச்சட்டத்தின் வரம்பை மீறியது என 2011இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வேளையில், மக்கள்நலம் கருதி மாற்று ஏற்பாட்டுக்கு ஆறு மாத அவகாசமும் தந்தது. நோக்கத்தை மதித்து, வழியைத் திருத்திய அந்தத் தீர்ப்பில் அறவியல் மாணவர் கற்க வேண்டியது உண்டு.

வழிதவறிய ஒற்றை ஆட்டையும் நாம் மறக்கலாகாது. பலருக்கு நன்மையான இரும்புச்சத்து, தாலசீமியா உள்ளவர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. அடிக்கடி குருதி ஏற்றிக்கொள்வோரின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும். அரிவாள் செல் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1952இல் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். இத்தகையோருக்காக எச்சரிக்கை வாசகம் அச்சிடவேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறின. மூட்டையில் வந்து, தராசில் அளந்து, பையில் கொட்டப்படும் அரிசியில் அவ்வாசகத்தை யார் படிப்பார்? அந்த எச்சரிக்கை முறையாகப் பின்பற்றப்படவில்லை என்ற முறையீடு உச்சநீதிமன்றம் வரை சென்றது. உண்மையான ஆபத்து எவ்வளவு என்பதை மருத்துவ வல்லுநர் ஆராயட்டும். ஆனால் தொண்ணூற்றொன்பது பேரின் நலனைக் காட்டி, அந்த ஒருவரைத் தேடாமல் இருப்பது நம் ஆயர் காட்டிய வழி அன்று.

நம் கைப்பிடி

இவையெல்லாம் அரசின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடலாமா? நம் பங்குகளில் பிடி அரிசி சேர்க்கும் வழக்கம் உண்டு. உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்து வைக்கும் அந்தக் கை, ஏழைக்கென்று எந்த அரிசியை எடுக்கிறது? வின்சென்ட் தே பவுல் சபையின் வழி நாம் தரும் மாதாந்தரப் பையில் அரிசியோடு பயறும் கேழ்வரகும் கடலையும் இருக்கின்றனவா? அன்பியக் கூட்டங்களில் ஒரு மாலையை ஒதுக்கி, முறத்தில் காணும் அந்த வேறு நிற மணி எது என்பதையும், வடித்த கஞ்சியோடு போகும் சத்து எது என்பதையும், கொல்லை முருங்கையின் கீரையில் இருப்பது எது என்பதையும் நாம் பேசியிருக்கிறோமா? நம் வயலிலும் கடையிலும் வீட்டிலும் உழைப்பவருக்கு நாம் தரும் கூலியில், அவர்கள் வீட்டு அடுப்பில் வாரம் இரு நாளேனும் மீனோ முட்டையோ வேகுமா?

ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தில் அன்றாட உணவை நாம் கேட்கும்போது, 'எனக்கு' என்று கேட்பதில்லை, எல்லாருக்குமாகவே கேட்கிறோம். அந்தச் சொல்லுக்குள் காப்பகத்தில் இறந்த பதினெட்டுப் பேரும், மணிலாவில் தவிட்டுச் சாற்றால் பிழைத்த குழந்தையும், இன்னும் பிறவாத பிள்ளையும், முறத்தோடு வாசலில் அமர்ந்து அரிசி பொறுக்கும் தாயும் அடங்கியிருக்கிறார்கள். அவளுடைய உணவில் எதையேனும் சேர்க்க விரும்புவோர், முதலில் அவளருகே அமர்ந்து அவள் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். தவிட்டோடு போனதைத் திருப்பித் தருவது கடன். அதைத் தரும்போது அவளுக்குரிய மதிப்பையும் சேர்த்துத் தருவது அக்கடனின் ஒரு பகுதியே.